பேர் சொல்லக்கூடாத பிராணி

டிராகனும் தரிசனமும் ஒரே வேரில் பிறந்த சொற்கள் என்று யாராவது சொன்னால், வாட்ஸப்பில் சுற்றும் கதைகளில் இதுவும் ஒன்று என்று தள்ளிவிடத்தான் தோன்றும். ஆனால் இதில் மொழியியலாளர்களுக்குள் பெரிய சண்டை இல்லை. கிரேக்கத்தில் 'திராகோன்' என்றால் பெரிய பாம்பு. 'தெர்கோமாய்', அதாவது 'உற்றுப் பார்க்கிறேன்' என்ற வினையிலிருந்து வந்த பெயர் அது. அந்த வினைக்குச் சமஸ்கிருதத்தில் உடன்பிறப்பு 'த்ருஷ்' என்ற வேர். கோயிலில் நாம் செய்யும் தரிசனமும், பூசணிக்காய் உடைத்துக் கழிக்கும் திருஷ்டியும் அங்கிருந்துதான் வருகின்றன. கட்டி முடியாத வீட்டு முகப்பில் நாக்கைத் தள்ளிக்கொண்டு முழித்துப் பார்க்கும் திருஷ்டி பொம்மை இருக்கிறதே, சொல் வழியில் அது டிராகனுக்குச் சித்தப்பா மகன்.

பாம்பு எப்படிப் 'பார்ப்பது' ஆயிற்று? அதற்கு இமை கிடையாது. கண்ணுக்கு மேலே ஒளி ஊடுருவும் ஒரு செதில் மூடியிருக்கும், அவ்வளவுதான். வேலியோரம் கிடக்கும் பாம்புச் சட்டையை எடுத்து, தலைப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உடம்புச் செதில்கள் வரிவரியாக, மங்கலாகத் தெரியும். கண் இருந்த இடத்தில் மட்டும் கைக்கடிகாரக் கண்ணாடி மாதிரி சின்னதாக, வட்டமாக, தெளிவாக ஒரு படலம். தோலை உரிக்கும்போது கண்ணின் மேல்செதிலையும் சேர்த்தே உரித்துப் போட்டுவிடுகிறது. இமையே இல்லாததால் அது தூங்குகிறதா, நம்மைப் பார்க்கிறதா என்று சொல்லவே முடியாது. கிரேக்கனுக்கு அந்தப் பார்வைதான் முதலில் பட்டிருக்கிறது.

நம் புலவர்களும் இந்தக் கண்ணில் மாட்டிக்கொண்டவர்கள்தான். வெளிக்காது இல்லை, ஆனாலும் நாம் வருவது அதற்குத் தெரிந்துவிடுகிறது. அப்படியானால் கண்ணாலேயே கேட்கிறது போலும் என்று முடிவுகட்டி 'கட்செவி' என்று பேர் வைத்தார்கள். சமஸ்கிருதத்திலும் அதே பொருளில் 'சக்ஷுச்ரவஸ்' உண்டு. (உண்மையில் தரையின் அதிர்வு தாடை எலும்பு வழியாக உள்காதுக்குப் போகிறது.) இப்போது சில நாளிதழ்கள் வாட்ஸப்பைக் 'கட்செவி அஞ்சல்' என்று எழுதுகின்றன. கண்ணுக்கும் காதுக்குமான அஞ்சல் என்ற கணக்கில் வைத்திருப்பார்கள். பாம்பு அஞ்சல் என்றும் படிக்கலாமே என்று யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது. குடும்பக் குழுவில் வந்து விழும் சில செய்திகளைப் பார்த்தால், யோசித்தேதான் வைத்தார்களோ என்றும் படுகிறது.

சரி, இந்த உறவுகளையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? காதுக்கு ஒன்றுபோல் கேட்டால் போதாது. கன்னடம் கொஞ்சம் கேட்டுப் பழகியவர்களுக்கு நான் சொல்லாமலே புரியும். நம் பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, பள்ளி ஹள்ளி, பாம்பு ஹாவு. நாம் ப என்று தொடங்கும் இடத்தில் அவர்கள் ஹ என்று தொடங்குகிறார்கள், அதுவும் வரிசையாக. அந்த வரிசைதான் சாட்சி. 1786-இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஏதோ ஒரு பொது மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்றார். 1816-இல் நம் சென்னையில் பிரான்சிஸ் வைட் எல்லிஸ், தமிழும் தெலுங்கும் கன்னடமும் தனிக் குடும்பம், சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் கிடையாது என்று வேர்ச்சொற்களை அடுக்கிக் காட்டினார். முதல் குடும்பத்துக்குப் பேர் இந்தோ ஐரோப்பியம். பாம்புக்கு அந்தக் குடும்பம் வைத்த பேர்களைத்தான் இங்கே பார்க்கிறோம்.

ஏழு என்பதற்குச் சமஸ்கிருதம் 'சப்த', லத்தீன் 'செப்டெம்', கிரேக்கம் 'ஹெப்டா'. சொல்லின் முதலில் மற்றவர்கள் ச சொல்ல, கிரேக்கர்கள் ஹ சொல்கிறார்கள். அதே கணக்கில் சமஸ்கிருத 'சர்ப்ப', லத்தீன் 'செர்பென்ஸ்', கிரேக்கம் 'ஹெர்பெட்டான்'. மூன்றுக்கும் அடியில் கிடப்பது 'ஊர்ந்து போ' என்று பொருள்படும் ஒரு வினை. அல்பேனியர்கள் 'கியார்பர்' என்பதும் இதே சொல்தான். சர்ப்பம் 'சரசர'வென்று போவதால் வந்த பேர் என்று ஒரு விளக்கம் அவ்வப்போது கண்ணில் படுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சரசரவை வைத்துக்கொண்டு கிரேக்கத்து ஹ எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. சப்தவையும் ஹெப்டாவையும் அது தொடக்கூட இல்லை.

இந்த 'ஊர்' வினை போய்ச் சேர்ந்த இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது தோல் வியாதி. கிரேக்க மருத்துவர்கள் தோலில் ஊர்ந்து பரவும் புண்ணுக்கு 'ஹெர்பெஸ்' என்று பேர் வைத்தார்கள். ஆயுர்வேதம் அப்படிப் பரவும் ஒரு நோயை 'விசர்ப்பம்' என்கிறது. அதுவும் சர்ப்பத்தின் வேர்தான். நம்மூரில் அக்கி என்பார்கள். குயவரிடம் போய்ச் செங்காவியால் 'அக்கி எழுதி'க்கொண்டு வருவது இன்னும் சில ஊர்களில் உண்டு. கர்நாடகத்தில் அதே அக்கிக்குச் 'சர்ப்ப சுத்து' என்று பேர். கொப்புளங்கள் நரம்பின் வழியே இடுப்பையோ விலாவையோ பாதி சுற்றி வருவதால் பாம்பு சுற்றுகிறது என்கிறார்கள். தலையும் வாலும் சேர்ந்துவிட்டால் ஆள் பிழைக்க மாட்டார் என்ற பயமும் கூடவே உண்டு. பெங்களூரில் ஒருவர் டாக்டரிடம் போய்ச் 'சர்ப்ப சுத்து' என்கிறார், டாக்டர் சீட்டில் 'ஹெர்பெஸ் ஜோஸ்டர்' என்று எழுதுகிறார். நாட்டுப்புற நம்பிக்கையை விஞ்ஞானம் திருத்தியதாக இரண்டு பேருமே நினைத்துக்கொள்ளலாம். எழுதிய சொல்லும் சொன்ன சொல்லும் ஒன்றுதான். 'ஜோஸ்டர்' என்பதற்குக் கிரேக்கத்தில் இடுப்புக் கச்சை என்று பொருள். ஆக சுத்தும்கூட அதில் இருக்கிறது.

ஊர்வது, பார்ப்பது. கவனித்தீர்களா, இவையெல்லாம் பேரே கிடையாது, அடையாளம். அப்படியானால் பாம்புக்கென்று இந்தக் குடும்பத்தில் ஒரு சொந்தப் பேர் இருந்ததா?

இருந்தது. சமஸ்கிருதத்தில் 'அஹி', பழைய ஈரானிய மறைநூலான அவெஸ்தாவின் மொழியில் 'அழி', கிரேக்கத்தில் 'ஓஃபிஸ்', லத்தீனில் 'ஆங்குயிஸ்', லிதுவேனியாவில் 'அங்கிஸ்', போலந்தில் 'வொன்ஷ்', ரஷ்யாவில் 'ஊஷ்'. தமிழ் நிகண்டுகளும் 'அகி' என்று ஒரு மூலையில் குறித்து வைத்திருக்கின்றன, ஆனால் பேச்சில் யாரும் சொல்வதில்லை. இத்தனை மொழிகளில் கிடைத்தும் இதன் மூல வடிவத்தை எழுதச் சொன்னால் ஆய்வாளர்கள் ஆளுக்கொன்று எழுதுவார்கள். லத்தீனிலும் லிதுவேனியத்திலும் நடுவில் ஒரு மெல்லினம் உட்கார்ந்திருக்கிறது, சமஸ்கிருதத்திலும் கிரேக்கத்திலும் அதைக் காணோம். விதிப்படி மாறியிருந்தால் இப்படி ஆகாது. பேரைச் சொல்லப் பயந்து வேண்டுமென்றே கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. நான் அந்தக் கட்சி. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அஹி பிழைத்துக் கிடப்பதற்கு முக்கியமான காரணம் ஒரு கொலைக்கதை. ரிக்வேதத்தின் முதல் மண்டலம், 32-ஆம் சூக்தம். இந்திரன் விருத்திரனைக் கொன்று, அவன் மறித்து வைத்திருந்த தண்ணீரைத் திறந்துவிட்ட கதை. 'அஹன் அஹிம்' என்று வருகிறது: பாம்பைக் கொன்றான். அவெஸ்தாவின் யஸ்னா ஒன்பதாம் பகுதியில் திரேதவோனா என்ற வீரன் மூன்று தலைப் பாம்பான அழி தஹாகாவைக் கொல்கிறான். அங்கே 'ஜனத் அழீம்'. அதே வினை, அதே பெயர். வினையின் வேர் 'ஹன்'; சத்துருக்கனன் என்ற பேரில் கடைசியில் நிற்கிற 'கன' அதுதான், எதிரியைக் கொல்பவன். மூல மொழியில் 'கொல்' என்ற வினையும் 'பாம்பு' என்ற பெயரும் ஒரே மெய்யொலியைக் கொண்டவை. சமஸ்கிருதத்தில் அது இரண்டிலும் ஹ ஆகிவிட்டது. மோனையும் எதுகையும் காதில் ஊறிய நமக்கு, இப்படி ஒரு தொடர் ஏன் மனதில் நின்றது என்று யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை. கால்வர்ட் வாட்கின்ஸ் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1995-இல் இந்த ஒரு தொடரைப் பிடித்துக்கொண்டு வேதத்திலிருந்து அயர்லாந்து வரைக்கும் தேடி ஒரு பெரும் புத்தகமே எழுதினார். சொற்கள் மட்டுமில்லை, பாட்டின் அடிகளும் மொழிக்குடும்பத்தோடு சேர்ந்து பயணம் செய்யும் என்பது அவர் கட்சி.

அழி தஹாகா அதற்குப் பிறகும் வாழ்ந்தது. பாரசீகத்தில் 'அஷ்தஹா' என்றால் இன்றும் டிராகன். ஃபிர்தௌசி 1010-இல் முடித்த ஷாநாமா காவியத்தில் அவன் ஸஹ்ஹாக் என்ற மனித அரசன். சமையல்காரனாக வேடம் போட்டு வந்த சைத்தான் அவன் தோள்களில் முத்தம் கொடுக்க, முத்தம் பட்ட இரண்டு இடத்திலும் பாம்பு முளைக்கிறது. வெட்டினால் மறுபடி முளைக்கிறது. இரண்டுக்கும் தினமும் மனித மூளை தீனி. கடைசியில் ஃபரீதூன் அவனைத் தமாவந்த் மலையில் கட்டிப் போடுகிறான். அவெஸ்தாவின் திரேதவோனாதான் ஃபரீதூன், பேர் தேய்ந்திருக்கிறது. பாம்பு மட்டும் மனிதனாகிவிட்டது.

இதைவிடப் பழைய ஏட்டில் இருக்கும் கதை துருக்கியில் கிடைத்தது. பழங்காலத்தில் அங்கே ஆண்ட, இதே குடும்பத்து மொழி பேசிய ஹிட்டைட்டுகளின் களிமண் பலகைகளில் இல்லுயங்கா என்ற பாம்பு இடி மழைக் கடவுளை முதல் சண்டையில் தோற்கடித்துவிடுகிறது. இனாரா என்ற பெண் தெய்வம் ஹுபாசியா என்ற சாதாரண மனிதனைத் துணைக்குக் கூப்பிடுகிறாள். அவன் சும்மா வரமாட்டேன், நீ என்னோடு படுக்க வேண்டும் என்று பேரம் பேசுகிறான். அவள் ஒப்புக்கொள்கிறாள். அப்புறம் பெரிய விருந்து. பானை பானையாக மது. இல்லுயங்கா பிள்ளைகுட்டிகளோடு வந்து குடித்துத் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போகப் பார்த்தால், வயிறு வீங்கிப் பொந்துக்குள் நுழைய முடியவில்லை. ஹுபாசியா கயிற்றால் கட்ட, இடிக் கடவுள் வந்து கொல்கிறார். புருல்லி என்ற திருவிழாவில் படித்த கதை இது. இந்திரன் வஜ்ராயுதத்தோடு பாய்வதைவிட, பந்தியில் உட்கார வைத்துக் கவிழ்த்த இந்தக் கதை எனக்கு மனித சுபாவத்துக்கு நெருக்கமாகப் படுகிறது.

இல்லுயங்கா என்ற பேரை மொழியியலாளர் ஜோஷுவா காட்ஸ் 1998-இல் இரண்டாகப் பிரித்தார். பின்பாதி ஆங்குயிஸ், பாம்பு. முன்பாதி ஆங்கிலத்தில் 'ஈல்' என்கிறார்களே, அந்த விலாங்கு. ஆக விலாங்குப் பாம்பு. எல்லோரும் ஏற்கவில்லை, ஹிட்டைட்டுகளுக்கு முன்னால் அங்கே இருந்தவர்களின் சொல் என்பாரும் உண்டு. ஆனால் காட்ஸுக்குப் பக்கபலமாக லத்தீனில் ஒரு சொல் நிற்கிறது: விலாங்குக்கு அங்கே 'ஆங்குயில்லா'. முன்பாதி பாம்பு, பின்பாதி விலாங்கு என்று அப்படியே திருப்பிப் போட்டது போல இருக்கிறது. சாதாரணமாக அதைக் 'குட்டிப் பாம்பு' என்று பொருள் சொல்வார்கள். எப்படிப் பார்த்தாலும் பாம்பும் மீனும் அந்தச் சொல்லுக்குள் இழுபறியில் இருக்கின்றன. பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்று நாம் சொல்வது ஆளைப் பற்றித்தான் என்றாலும், மொழியியலாளர்களிடமும் அது அதே வேலையைக் காட்டிவிட்டது. நம் ஆற்றிலும் கிணற்றிலும் கிடைக்கும் விலாங்கின் விஞ்ஞானப் பேரும் ஆங்குயில்லாதான்.

கிரேக்கத்தில் விரியனுக்கு 'எகிஸ்' என்று இன்னொரு சொல். அதிலிருந்து 'எகினோஸ்'. பாம்புக்காரன் என்று சொல்லலாம். யார் தெரியுமா? முள்ளெலி. பாம்பைப் பிடித்துத் தின்னும் என்பதால் வந்த பேர் என்கிறார்கள். ஜெர்மனியில் 'ஈகல்', ரஷ்யாவில் 'யோஷ்', லிதுவேனியாவில் 'எஷீஸ்' எல்லாம் இதே முள்ளெலி. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காடுகளில் திரியும் நம் முள்ளெலிக்கும் விலங்கியல் பேர் 'பாரெகினஸ்'. உருண்டையாகச் சுருண்டு கிடக்கும் அந்தச் சின்ன ஜந்துவின் பேருக்குள்ளும் ஒரு விரியன்.

இப்போது பயத்துக்கு வருகிறேன். இருட்டில் வெளியே கிளம்பினால் நம் பக்கத்தில் 'டார்ச்ச எடுத்துக்கப்பா, பூச்சிபொட்டு கெடக்கும்' என்பார்கள். பூச்சிக்காக யாரும் டார்ச் எடுத்துப் போவதில்லை. பாம்பு என்ற சொல்லை ராத்திரியில் வாயில் எடுக்கக்கூடாது, எடுத்தால் வந்து நிற்கும். வங்காளத்துக் கிராமங்களில் இரவில் 'லதா' என்பார்கள், கொடி. நம் விஷப் பாம்புகளில் பயங்கரமான ஒன்றுக்கு 'நல்ல' பாம்பு என்று பேர். கிரேக்கர்கள் தலையில் பாம்புகள் நெளியும் பழிவாங்கும் தேவதைகளைக் 'கனிவானவர்கள்' என்று அழைத்ததும் இதே ராஜதந்திரம்தான்.

ஸ்லாவிய மொழிகள் பாம்பை மண்ணோடு சேர்த்துவிட்டன. ரஷ்யர்கள் பாம்பை 'ஸ்மெயா' என்கிறார்கள். 'ஸெம்லியா' என்றால் பூமி. மண்ணில் கிடப்பது என்றுதான் அந்தப் பேருக்கு அர்த்தம். பழைய பேரான ஊஷ் அங்கே விஷமில்லாத ஒரு தண்ணிப் பாம்போடு ஒடுங்கிவிட்டது. ஸெம்லியாவின் வேரிலிருந்துதான் பாரசீகத்தின் 'ஸமீன்'. அதுதான் நம் ஊருக்கு வந்து ஜமீன் ஆனது. எட்டயபுரம் ஜமீனையும் ரஷ்யப் பாம்பையும் ஒரே வாக்கியத்தில் எழுத வேறு காரணம் எனக்குக் கிடைக்காது.

லிதுவேனியர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அங்கே பாம்புக்குப் பொதுப் பேர் 'கீவாத்தே'. 'கீவாஸ்' என்றால் உயிருள்ள. சமஸ்கிருதத்தில் 'ஜீவ'. ஆக அவர்கள் பாம்பு நம் ஜீவனுக்குச் சொந்தம். லத்தீனின் 'வீவுஸ்' என்பதும் அதே 'உயிருள்ள'தான். ஆங்கிலத்தின் 'வைப்பர்' லத்தீன் 'வீபெரா'விலிருந்து வந்தது. அதைப் பிரித்தால் உயிருள்ள குட்டி ஈனுவது. நம் கண்ணாடி விரியன் முட்டை இடாது, குட்டிதான் போடும், எனவே பேர் சரிதான். லிதுவேனியாவில் வீட்டோரம் சாரைபோல் சாதுவான ஒரு பாம்பைப் பால் வைத்துப் பேணியதாகப் பழைய பதிவுகள் உண்டு. 'ஷால்டீஸ்' என்பார்கள். பாம்பு பால் குடிக்காது என்பதை நாக சதுர்த்திக்கு நம் புற்றுகளிடம் யாரும் விசாரிக்காதது மாதிரி அங்கேயும் விசாரிக்கவில்லை.

சமஸ்கிருதமும் விதிவிலக்கில்லை. உரகம், மார்பால் நகர்வது. புஜங்கம், வளைந்து போவது. பன்னகம், காலில்லாமல் செல்வது என்பது மரபுரை. நம் புலவர்கள் இவற்றை எல்லாம் வாங்கி யாப்புக்கு வேண்டிய இடத்தில் போட்டுக்கொண்டார்கள். ஜெர்மன்காரர்களின் 'ஷ்லாங்கே'வும் நெளிவது. சொந்தப் பேரை ஒதுக்கிவிட்டுப் பக்கத்தில் நின்று அடையாளம் சொல்வதுதான் எல்லா இடத்திலும். கரடிக்கும் இதே கதி: ஸ்லாவியர்கள் 'தேன் தின்னி' என்றார்கள். ஆனால் கரடிக்கு மூல மொழியின் பேர் லத்தீனிலும் கிரேக்கத்திலும் சமஸ்கிருதத்திலும் ஒழுங்காக ஒத்துப்போகிறது. பாம்பின் பேர்தான் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கோணிக்கொண்டு நிற்கிறது. மெல்லினச் சண்டையில் நான் பயத்தின் கட்சியில் சேர்ந்ததற்கு இதுதான் காரணம்.

புழுவின் கதையும் கோணல்தான். லத்தீனில் 'வெர்மிஸ்', ஆங்கிலத்தில் 'வர்ம்'. சமஸ்கிருதத்தில் 'க்ருமி', பாரசீகத்தில் 'கெர்ம்', லிதுவேனியத்தில் 'கிர்மிஸ்'. முதல் எழுத்தை எடுத்துவிட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று எதுகை, ஆனால் வ-வும் க-வும் விதிப்படி சேராது. பழைய ஆங்கிலத்தில் 'வ்யுர்ம்' என்றால் மண்புழுவிலிருந்து டிராகன் வரைக்கும் எதுவும் ஆகலாம்; பேவுல்ஃப் காவியத்தில் கிழட்டு அரசனைக் கடித்துக் கொல்லும் டிராகனுக்கும் அதே சொல். அந்த டிராகன் தேய்ந்து தேய்ந்து இன்றைக்குத் தூண்டிலில் மாட்டும் புழுவாகிவிட்டது.

தமிழுக்குள் வந்த கிருமி இன்னும் சிறுத்துவிட்டது, கண்ணுக்கே தெரிவதில்லை. கிருமிநாசினி பாட்டிலைக் கையில் தேய்க்கும் யாருக்கும் புழு நினைவுக்கு வராது. ஆனால் பழைய பொருளைத் தமிழ் மறக்கவில்லை. ராமானுஜரைத் துன்புறுத்தியதாக வைணவ மரபு சொல்லும் சோழனுக்குக் 'கிருமிகண்டன்' என்று பேர். கழுத்தில் புழுத்தவன் என்பதுதான் அந்தச் சாபத்தின் அர்த்தம், தொண்டையில் இன்ஃபெக்‌ஷன் என்பதில்லை. மேற்கே போன கிருமி வேறு வேலை செய்தது. கருவாலி மரத்தில் ஒட்டி வாழும் ஒரு பூச்சியைக் காயவைத்துச் சிவப்புச் சாயம் எடுத்தார்கள். அந்தச் சாயத்துக்குப் பாரசீக, அரபு வழியில் 'கிர்மிஸ்'. அதிலிருந்து ஆங்கிலத்தின் 'கிரிம்சன்'. இன்னொரு சிவப்பான 'வெர்மிலியன்' வெர்மிஸின் பிள்ளை. எதுகைப் புழுக்கள் இரண்டும் தனித்தனியே போய் ஒரே நிறத்தில் முடிந்திருக்கின்றன. சேமியா பாக்கெட்டில் 'வெர்மிசெல்லி' என்று அச்சிட்டிருப்பதற்கு இத்தாலியத்தில் குட்டிப் புழுக்கள் என்று பொருள். பாயசம் ஆறுவதற்குள் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

கிருமியோடு வைரஸையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லத்தீனில் 'வீருஸ்' என்றால் நஞ்சு. பழைய லத்தீனில் இரண்டு உயிருக்கு நடுவில் மாட்டிய ஸ், ர் ஆகிவிட்டது. அந்த ர-வைத் திரும்ப ஸ ஆக்கினால் நம் விஷம் கிடைத்துவிடும். கிரேக்கத்தில் முன்னும் நடுவும் உதிர்ந்து வெறும் 'இயோஸ்'. கம்பர் காலத்து விடமும் 2020-இல் நம்மை வீட்டுக்குள் பூட்டிய வைரஸும் ஒன்றுதான்.

தண்ணீர்ப் பக்கமும் ஒரு ஜோடி உண்டு. கிரேக்கக் கதையில் வெட்ட வெட்ட முளைக்கும் தலைகள் கொண்ட 'ஹைட்ரா' ஒரு நீர்ப்பாம்பு. ஆங்கிலத்தின் 'ஆட்டர்', சமஸ்கிருதத்தின் 'உத்ர', ரஷ்யாவின் 'விட்ரா' மூன்றும் நீர்நாய். நான்கும் ஒரே சொல், பொருள் 'தண்ணிப் பிராணி'. நம் உதகமும் ரஷ்யர்களின் வோட்காவும் அதே தண்ணீர். பவானிசாகரில் நீர்நாய்கள் கூட்டமாக மீன் பிடிப்பதைப் பார்த்தவர்கள் அதை ஹைட்ரா என்று நினைக்க மாட்டார்கள். ஆனால் தலைகள் வரிசையாக நீரில் எழுந்தெழுந்து அமிழும்.

ஆங்கிலத்தின் 'ஆடர்' விரியன் ஒரு எழுத்தைத் தொலைத்த கதை இன்னும் சுவை. முதலில் அது 'நாடர்'. 'எ நாடர்' என்று சொல்லிச் சொல்லி, ந முன்னால் நகர்ந்து 'ஆன் ஆடர்' ஆகிவிட்டது. ஜெர்மனியில் 'நாட்டர்' என்று ந இன்னும் பத்திரமாக இருக்கிறது. இதே வழிப்பறிக்கு ஆளான இன்னொரு சொல் நம் வீட்டுப் பிள்ளை. திராவிட நாரத்தை சமஸ்கிருதத்தில் நாரங்கமாகி, பாரசீகம், அரபு வழியே ஐரோப்பாவுக்குப் போனபோது, இத்தாலி பிரான்ஸ் பக்கத்தில் ந-வைப் பறிகொடுத்து ஆரஞ்சானது. கீரியின் ஆங்கிலப் பேரான 'மங்கூஸ்' மராத்தி வழியாகப் போனது. தொல்காப்பியம் கீரியை 'மூங்கா' என்கிறது.

விஞ்ஞானப் பேர்களாவது பயமில்லாமல் வைக்கப்பட்டவையா? நம் நாட்டில் ஆளைக் கொல்லும் பாம்புகளில் முதல் நான்கை எடுங்கள். விஷமுறிவு மருந்தும் இந்த நான்கின் விஷத்தை வைத்துத்தான் தயாராகிறது. வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுப்பதும் இவற்றிடமிருந்துதான். நல்ல பாம்பு 'நஜா', அது நாகத்தின் லத்தீன் வேடம். நாகம் என்ற சொல்லை ஆங்கில 'ஸ்நேக்' பக்கம் சேர்ப்பவர்களும் உண்டு, அம்மணம் என்று பொருள்படும் 'நேக்கட்' பக்கம் சேர்ப்பவர்களும் உண்டு. சுருட்டை விரியன் 'எகிஸ்', முள்ளெலியிடம் பார்த்த அதே கிரேக்க விரியன். கண்ணாடி விரியன் 'டபோயா', இந்தியில் பதுங்கிக் கிடப்பவன், மறுபடியும் அடையாளம். கட்டுவிரியன் 'பங்காரஸ்', அது தெலுங்கு பங்காரு, தங்கம். விசாகப்பட்டினத்தில் கம்பெனி வேலையில் இருந்த ஸ்காட்லாந்து மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல் 1796-இல் கோரமண்டல் கரைப் பாம்புகளைப் படம் போட்டு வெளியிட்டபோது உள்ளூர்க்காரர்கள் சொன்ன பேர்களையும் எழுதி வைத்தார். 'பங்காரு பாமு' அப்படித்தான் லத்தீன் ஆனது.

கடைசியாக ஒரு வழக்கு. 1693-இல் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட பட்டியலில், எருமையை நொறுக்கும் இலங்கைப் பாம்பு ஒன்றுக்கு 'அனகண்டையா' என்று பேர் போட்டிருக்கிறார். பிற்பாடு அந்தப் பேர் கப்பலேறித் தென் அமெரிக்காவில் ஒரு பாம்பின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. அந்தப் பாம்பு ஆசியாவில் எங்கேயும் கிடையாது. இது தமிழின் 'ஆனைகொன்றான்' என்று ஒரு கட்சி, சிங்களத்தில் மெலிந்த பச்சைப் பாம்பைக் குறிக்கும் 'ஹெனகந்தயா' என்று இன்னொரு கட்சி. சிங்களம் இந்தோ ஐரோப்பியக் குடும்பத்து மொழி. எனவே ஹெனகந்தயா ஜெயித்தால் அனகோண்டாவுக்கு இந்தக் கட்டுரையில் இடம் உண்டு, ஆனைகொன்றான் ஜெயித்தால் இந்தப் பத்தியை எடுத்துவிட வேண்டியதுதான். எருமையை நொறுக்கும் பேரை ஒல்லிப் பச்சைப் பாம்புக்கு எப்படிக் கொடுப்பது என்பதால், எடுத்துவிடத் தயாராகவே இருக்கிறேன்.